வலது பக்கம் வைத்த ஹேண்ட் பிரேக்

மாமா,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ராத்திரி விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தாலே உங்களுக்குப் பிடிக்காது. "கண்ணு என்னத்துக்கு ஆவும்?" என்பீர்கள். பகலில் சேர்ந்தாற்போல நாலு வரி எழுத உங்கள் பேத்தி விடுவதில்லை. இப்போதுதான் தூங்கினாள். தினமும் என் விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். இன்று விரலை மூக்குக்கருகே கொண்டுபோய்விட்டு, "அம்மா கை ஜீப்பு நாத்தம்" என்று தள்ளிவிட்டு அத்தை பக்கம் புரண்டுவிட்டாள். துணி சோப்புப் போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சைத் தோலும் போட்டேன். கிரீஸ் வாசனை போகவில்லை. அந்தக் கையோடுதான் எழுதுகிறேன்.

சாயங்காலம் முழுக்க உங்கள் ஜீப்புக்கு அடியில் கிடந்தேன். கேபிளைத் துடைத்து, கிரீஸ் வைத்து, பின்சக்கரம் இரண்டையும் கழற்றிப் பார்த்து மாட்டினேன். ஒன்றும் கெடவில்லை. வண்டி நன்றாக இருக்கிறது. வியாழக்கிழமை மீன்சுருட்டியிலிருந்து ஒருவர் மறுபடியும் வருகிறார். அவர் கேட்ட ஒரு கேள்விக்காகத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன்னால் நடந்ததை ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். எங்காவது தவறாகச் சொன்னால் நீங்கள் திருத்துவீர்கள் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை.

என் கல்யாணத்தின்போது உங்கள் இடது கையில் ஐந்து விரலும் இருந்தன. தாலி கட்டி முடித்ததும் அந்தக் கையால்தான் எங்கள் இரண்டு பேர் தலையிலும் அரிசி போட்டீர்கள். அடுத்த வருஷம் மக்காச்சோளம் உதிர்க்கிற மெஷின் நான்கு விரலை எடுத்துக்கொண்டது. கட்டைவிரலும் உள்ளங்கையும் மிச்சம். நான் அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி. ஆஸ்பத்திரிக்கு என்னை யாரும் கூட்டிப்போகவில்லை. கட்டோடு வீட்டுக்கு வந்த நீங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னது நினைவிருக்கிறது: "பயப்படாத ஆயி. சோத்துக் கை பத்திரமா இருக்கு."

கட்டுப் பிரித்த மறுநாளே ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். உள்ளங்கையால் கியரைத் தள்ளப் பழகினீர்கள். கட்டைவிரலைக் கொடுத்து இழுக்கவும் பழகினீர்கள். வாசலிலேயே முன்னும் பின்னும் நகர்த்தி, கோழிகளை விரட்டி, ஒரு வாரத்தில் கியர் வசப்பட்டுவிட்டது. வசப்படாதது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். உங்கள் இருக்கைக்கு இடது பக்கம், நடுவில் இருந்தது. அதை விரலால் கவ்வ வேண்டும், பட்டனை அழுத்த வேண்டும், மேலே தூக்க வேண்டும். விரலே இல்லாத கையால் எப்படிக் கவ்வுவது?

நம் பக்கத்தில் ஹேண்ட் பிரேக்கை நம்புகிற ஆள் குறைவு என்பது வேறு விஷயம். வண்டி மேட்டில் நின்றால் பக்கத்தில் இருப்பவர் குதித்து, பின் டயருக்கு ஒரு கல்லைக் கொடுத்துவிடுவார். அதுதான் பிரேக். பூலாம்பாடியிலிருந்து மலையடிவாரம் போகிற எந்த வண்டியை நிறுத்திப் பார்த்தாலும் இடது பக்கக் காலடியில் ஒரு கல் கிடக்கும். நம் ஜீப்பில் அந்தக் கல்லும் அத்தையும் ஒன்றாகப் பயணம் செய்தார்கள். நம் காட்டுக்குப் போகிற பாதையில், மேடு செங்குத்தாக நிற்கிற இடத்தில்தான் முள்படல் இருக்கிறது. அங்கே நிறுத்தி, இறங்கி, படலைத் திறந்துவிட்டு, ஏறி, மறுபடி கிளப்ப வேண்டும். பாரம் ஏற்றியிருந்தால் கியரில் போட்டாலும் நிற்காது. முட்டிவலியோடு அத்தை குதிப்பார். கல்லை வைப்பார், படலைத் திறப்பார், நீங்கள் கிளப்பியதும் கல்லை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க ஓடிவந்து ஏறுவார்.

"இந்த மனுசனக் கட்டிக்கிட்டதுக்கு நான் கல்லத்தான் சொமக்குறேன்" என்று அத்தை திட்டுவார்.

"கல்லு சொமக்குறவளுக்குத்தான்டி மொத சீட்டு" என்பீர்கள் நீங்கள்.

கை போன பிறகு அந்த வேடிக்கை நின்றுபோனது. அதற்கு முன் அத்தை வராத நாளில் நீங்களே ஹேண்ட் பிரேக்கை இழுத்துப்போட்டு, இறங்கி, கல்லை வைத்துக்கொண்டு சமாளித்தீர்கள். அதன் பிறகு அத்தை வராவிட்டால் வண்டி வாசலைவிட்டுப் போக முடியவில்லை. அத்தைக்குக் காய்ச்சல் வந்த வாரம் வெங்காயம் காட்டிலேயே கிடந்து மழையில் நனைந்தது. ஓசூரில் வேலை பார்க்கிற உங்கள் மகன் போனில் சொன்னார்: "வித்துருவோம்ப்பா. இல்ல ஒரு டிரைவர் போட்டுக்கலாம்." நீங்கள் போனை என்னிடம் நீட்டிவிட்டு வாசலுக்குப் போனீர்கள். அன்றைக்கு நீங்கள் சாப்பிடவில்லை.

டிரைவர் போட்டால் என்ன என்று எனக்கும் தோன்றியது. சின்ன வயதில் அடுத்தவர் டிராக்டரில், மூட்டைக்கு மேலே மூட்டையாக, கூலிக்குப் போன கதையை நீங்கள் சொன்ன பிறகுதான் விளங்கியது. வண்டி எங்கே நிற்கும், எப்போது கிளம்பும் என்று கேட்க முடியாதாம். இறக்கிவிட்ட இடத்தில் இறங்க வேண்டியதுதானாம். "தனியா, யாரையும் கூப்புடாம, நம்ம வண்டியில நம்ம காட்டுக்கு நாமளே போறது... அது ஒரு இது ஆயி" என்றீர்கள். அந்த 'இது'வுக்குச் சரியான சொல் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் ஒருநாள் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டீத் தம்ளரோடு வந்தீர்கள்.

"ஏ ஆயி, நீ காலேஜில படிச்சதுல பிரேக்கு உண்டா?"

"உண்டு மாமா. பரீட்சைக்கே வந்துச்சு."

"பரீட்சையில நின்னுச்சா?"

"நின்னுச்சு மாமா."

"அப்ப மேட்டுலயும் நிக்கும். அந்த லிவர எனக்குச் சோத்துக் கைப் பக்கம் மாத்திக் குடு."

அடுப்படியிலிருந்து அத்தை கத்தினார்: "பச்ச உடம்புக்காரி கையில ஸ்பேனரக் குடுக்குறீங்களே, வெளங்குமா? பெரம்பலூர்ல மெக்கானிக்கே இல்லியா?"

"மெக்கானிக்குக்கு என்னாடி, வேல முடிஞ்சா டீ குடிக்கப் போயிருவான். இவ பயந்தவ. பயந்தவ கையில குடுத்தாத்தான் வேல சுத்தமா இருக்கும்."

சிலிண்டரை மூடினேனா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிறவள் நான். பிள்ளை மூச்சு விடுகிறதா என்று தூக்கத்தில் எழுந்து மூக்கருகே கை வைத்துப் பார்ப்பேன். என் அம்மாவே இதை ஒரு வியாதி என்பாள். அதை ஒரு தகுதியாகச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான் மாமா. மெக்கானிக்கல் படித்து முடித்தும் வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்கு அந்த ஒரு பேச்சு போதுமானதாக இருந்தது.

லப்பைக்குடிகாட்டுப் பாயின் பட்டறையை நீங்கள்தான் பேசி வைத்தீர்கள். சவுதியில் நெடுநாள் வண்டி வேலை பார்த்துவிட்டு வந்து, பெரம்பலூரில் துறையூர் ரோட்டில் கடை போட்டவர். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "மாஷா அல்லாஹ்! மாமனாருக்காக மருமக ஸ்பேனர் புடிக்கிறத இன்னிக்கித்தான் பாக்குறேன். வாங்கம்மா, என்ன செய்யணும்னு சொல்லுங்க, வெல்டிங்கு நம்ம பொறுப்பு."

நான் வரைந்து கொண்டுபோயிருந்தேன். பழைய வேன் ஒன்றின் லிவரை, பல்சக்கரத்தோடு, பழைய இரும்புக்கடையில் எடுத்தோம். உங்கள் இருக்கைக்கும் வலது பக்கத்து வாசலுக்கும் இடையில் ஒரு கை நுழைகிற இடம் இருந்தது. உங்களை உட்கார வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கையைத் தொங்கவிடச் சொன்னேன். கை எங்கே விழுந்ததோ அங்கே சாக்பீஸால் கோடு போட்டேன். லிவர் அங்கேதான் வந்தது. அதிலிருந்து ஒரு புதுக் கேபிளைத் தரைத் தகட்டுக்கு அடியில் குறுக்கே கொண்டுபோய், பின்சக்கரம் இரண்டையும் இழுக்கிற பழைய கம்பியோடு சேர்த்தோம். பட்டறை வாசலில் இழுத்துப் பார்த்தீர்கள். கடகடவென்று பல் ஏறியது. பாயும் நானும் பின்னாலிருந்து தள்ளினோம். அசையவில்லை. நீங்கள் லிவரை விட்டு, இழுத்து, விட்டு, இழுத்து, சின்னப் பிள்ளைபோல விளையாடிக்கொண்டே இருந்தீர்கள்.

"போதும் மாமா, பல்லு தேஞ்சிடும்" என்றேன்.

"என் பல்லே தேஞ்சிபோச்சி, இது தேஞ்சா என்னா?" என்றீர்கள்.

சமதரையில் நிற்பது பெரிதில்லை. மறுநாள் படல் இருக்கிற மேட்டுக்குப் போனோம். பின்னால் எட்டு மூட்டை மண் ஏற்றியிருந்தோம். பிள்ளையைப் பக்கத்துக் காட்டு அக்காவிடம் விட்டுவிட்டு நானும் வந்தேன். பாய் தன் மொபட்டில் வந்தார். அத்தை வழக்கம்போல முன்சீட்டில். மேட்டின் நடுவில் நிறுத்தினீர்கள். வலது கையால் லிவரை இழுத்தீர்கள். கால் பிரேக்கை மெல்ல மெல்ல விட்டீர்கள்.

ஜீப் நின்றது.

பாய் கை தட்டினார். நான் உங்கள் பக்கத்தில் நின்று லிவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதிர்கிறதா, நழுவுகிறதா என்று. அசையவில்லை. நீங்கள் எஞ்சினை ஓடவிட்டபடியே இறங்கிப்போய், படலை நீங்களே திறந்தீர்கள். கை போன பிறகு முதல் தடவை. திரும்பி வரும்போது வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்த நடையை நான் மறக்கமாட்டேன். ஏறி உட்கார்ந்து, கிளப்பி, மேலே போய்விட்டீர்கள். மேலிருந்து ஹாரன் அடித்தீர்கள்.

கீழே அத்தை, பாய் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது எனக்கு மட்டும் டயர் நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. சந்தேகம் எதுவும் இல்லை. வழக்கமான பயம்தான். அடுப்பை அணைத்த பிறகும் போய்ப் பார்க்கிற அதே பயம். போய்ப் பார்த்தேன். இடது பின்சக்கரம் நின்ற இடத்தில், பாதி மண்ணில் அழுந்தி, ஒரு பக்கம் டயர்க்கருப்பு ஏறி, கல் கிடந்தது.

"இது யாரு வச்சது?"

அத்தை சாதாரணமாகச் சொன்னார்: "நாந்தான். வண்டி மேட்டுல நின்னா கல்லு வக்கெணும்ல?"

"அத்த, பிரேக்கு நிக்கிதான்னு பாக்கத்தான் வந்தோம்!"

அத்தை தன் கையையே பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். வண்டி நின்றதும் குதித்துக் கல்லை வைத்தபோது, எதற்கு வந்தோம் என்பதே அவருக்கு நினைவில்லை. இத்தனை வருஷம் செய்த கை, கேட்காமலே செய்திருக்கிறது. நாங்கள் எல்லோரும் வலது பக்கம் நின்று லிவரை வேடிக்கை பார்த்தோம். இடது பக்கத்தில் கல் வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு, உங்களை வண்டியோடு கீழே வரச் சொல்லி, மறுபடி அதே இடத்தில் நிறுத்தச் சொன்னேன். அத்தையின் இரண்டு கையையும் நான் பிடித்துக்கொண்டேன். லிவரை இழுத்தீர்கள், காலை எடுத்தீர்கள். ஒரு நொடி நின்றது. பிறகு, தூக்கத்தில் புரள்கிற பிள்ளைபோல மெல்லப் பின்னால் வர ஆரம்பித்தது. நீங்கள் காலால் பிரேக்கை மிதித்தீர்கள். பாய் "யா அல்லாஹ்" என்றார்.

நீங்கள் எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள். நான் அழுதுவிட்டேன். மறுநாள் விடியற்காலை நீங்கள் தனியாக வருவதாகச் சொல்லியிருந்தீர்கள். எட்டு மூட்டை பாரத்தோடு, பின்னால் ஓடை இருக்கிற அந்த மேட்டில், படலைத் திறக்க இறங்கியிருப்பீர்கள்.

"மாமா, இது வேணாம். கழட்டிருவோம்" என்றேன்.

நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். கோபமே இல்லை. "எதுக்குக் கழட்டணும்? நிக்கலன்னு இப்பவே தெரிஞ்சிபோச்சில்ல. தெரிஞ்ச பின்னாடி என்னா பயம்? எதுனால நிக்கலன்னு பாரு ஆயி."

அன்றிரவு முழுக்க அதையே நினைத்துக் கிடந்தேன். கேபிள் வளைகிற ஒவ்வொரு இடத்திலும் இழுப்பில் கொஞ்சம் அங்கேயே தங்கிவிடும். பாடத்தில் படித்ததுதான். ஆனால் தகட்டுக்கு அடியில் இடம் இல்லை என்று நான்தான் இரண்டு இடத்தில் குறுக வளைத்திருந்தேன். உங்கள் கை முழுப் பலத்தோடு இழுத்தது. பாதிப் பலம் வழியிலேயே செத்துவிட்டது. பட்டறைக்குப் போய் அடிச்சட்டத்தில் ஒரு தாங்கியைப் பற்றவைத்து, கேபிளை அகலமான ஒரே வளைவில் கொண்டுவந்தோம். தேய்ந்திருந்த பின்பிரேக் கட்டைகளை மாற்றினோம். லிவரையும் இரண்டு அங்குலம் நீளமாக்கினோம். பாய் ஒவ்வொரு வெல்டிங்கையும் சுத்தியலால் தட்டித் தட்டிக் காட்டினார். தட்டாமல் விட்டால் நான் விடமாட்டேன் என்று தெரிந்துகொண்டார்.

இரண்டாம் தடவை மேட்டுக்குப் போனபோது பிள்ளையையும் கொண்டுபோனேன். ஜீப்பில் ஏற்ற அல்ல. மேட்டுக்கு ஒதுக்குப்புறமாக வேப்பமரத்தடியில் அத்தையை நிற்க வைத்து, பிள்ளையை அவர் இரண்டு கையிலும் கொடுத்தேன். பேத்தியைத் தூக்கிய கை கல்லைத் தேடாது. நீங்கள் இழுத்தீர்கள். காலை எடுத்தீர்கள். நான் நான்கு சக்கரத்தையும் சுற்றிச் சுற்றி வந்தேன். கல் இல்லை. கட்டை இல்லை. ஒன்றும் இல்லை. பாய் பின்னால் ஏறிக் குதித்துப் பார்த்தார். எட்டு மூட்டையோடு ஜீப் மலையில் முளைத்த பாறைபோல நின்றது.

"நிக்கிதா?" என்று மரத்தடியிலிருந்து அத்தை கேட்டார்.

"நிக்கிதுடி!" என்றீர்கள்.

"நல்லாப் பாருங்க, நான் ஒண்ணும் வக்கில!"

அப்படிச் சிரித்து நான் உங்களைப் பார்த்ததில்லை. பிறகு ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி ஒப்புதல் வாங்கினோம். அது வரும்வரை உங்களைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று சாவியை என் இடுப்பில் சொருகி வைத்திருந்தேன். "மருமவளா, போலீஸா?" என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் புகார் சொன்னீர்கள்.

முதல் தடவை தனியாகப் போன அன்று அத்தை வாசலில் நின்று, "அப்பாடா, இனிமே குதிக்க வேணாம்" என்றார். மத்தியானம் சோறு போடும்போது பாத்திரம் சத்தமாக விழுந்தது. "வரியான்னு ஒரு வார்த்த கேக்கல பாரு" என்றார் என்னிடம். அது எப்படியோ உங்கள் காதுக்கு வந்துவிட்டது. மறுநாளிலிருந்து கிளம்பும்போதெல்லாம் ஜீப்பை வாசலில் நிறுத்தி, "வரியாடி?" என்று கேட்பீர்கள். பாதி நாள் அத்தை போவார். மேட்டில் நீங்கள் இறங்கிப் படலைத் திறக்க, அத்தை இருந்த இடத்தைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாராம். "மவராசி மாரி உக்காந்துருந்தா" என்று நீங்கள் வந்து சொல்வீர்கள்.

மற்ற நாட்களில் தனியாகத்தான் போனீர்கள். நான் மாடியில் துணி காயப் போடும்போது மேட்டுப் பக்கம் புழுதி தெரிகிறதா என்று பார்ப்பேன். திரும்பி வந்ததும் கேட்பேன்: "நின்னுச்சா மாமா?" நீங்கள் சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே, "நின்னுச்சு ஆயி" என்பீர்கள். தினமும் அதே கேள்வி, அதே பதில். ஒருநாள் மட்டும், "நீ கேக்குறது நின்னுச்சான்னு. நான் போறது போறதுக்காவ" என்றீர்கள். அந்தப் பேச்சு எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் மறுநாளும் கேட்டேன்.

போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், காட்டிலிருந்து வந்து ஜீப்பை நம் வாசல் சரிவில் நிறுத்தினீர்கள். டீ குடித்தீர்கள், படுத்தீர்கள், விடிந்து எழுந்திருக்கவில்லை. டாக்டர் நெஞ்சு நின்றுவிட்டது என்றார். வந்தவர்கள் எல்லோரும் ஜீப்பைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். உங்களையும் அதைச் சுற்றித்தான் கொண்டுபோனார்கள். நகர்த்தலாமா என்று உங்கள் மகன் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். மழை மறுபடி பிடித்து, வாசல் முழுக்கச் சேறாகி, சரிவில் தண்ணீர் ஓடியபோதும், நீங்கள் கடைசியாக இழுத்துவிட்டுப் போன பிரேக்கில் வண்டி ஒரு விரல்கடை அசையவில்லை. காரியம் முடிந்த மறுநாள் நான் ஏறி உட்கார்ந்து, காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டு, லிவரை விட்டேன். உங்கள் இழுப்பு அத்தோடு போய்விட்டது.

ஜீப்பை விற்கவில்லை. இப்போது காட்டுக்கு நான்தான் ஓட்டிக்கொண்டு போகிறேன். எனக்கு இரண்டு கையும் முழுசாக இருந்தாலும் லிவரை நடுவுக்கு மாற்றவில்லை. அங்கேதான் கை போய் விழுகிறது.

மீன்சுருட்டிக்காரர் போன ஞாயிற்றுக்கிழமை வந்தார். பாய் சொல்லி அனுப்பியிருக்கிறார். மரம் அறுக்கிற பட்டறையில் வேலை செய்தவர்; அவருக்கும் போனது இடது கையில் நான்கு விரல்தான். நம் ஜீப்பைப் போலவே ஒன்று வைத்து, முந்திரித் தோப்புகளிலிருந்து மூட்டை ஏற்றுகிறார். கொள்ளிடக் கரை ஏறி இறங்க வேண்டுமாம். கரைச் சரிவில் தனியாக வண்டியை நிறுத்திக் கிளப்ப முடியாததால், மச்சானைக் கெஞ்சிக் கூட்டிப்போகிறாராம். "அவன் வந்தாத்தான் எனக்குப் பொழப்பு. அவன் வர்ற நேரந்தான் எனக்கு விடியுது" என்றார். அந்தக் குரலை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

அவர் கேட்டதற்கெல்லாம் நின்று நிதானமாகப் பதில் சொன்னேன் மாமா. கேபிள் எங்கே வளைய வேண்டும், எங்கே வளையக் கூடாது, பிரேக் கட்டை எப்போது மாற்ற வேண்டும், ஆர்.டி.ஓ. ஆபீசில் யாரைப் பார்க்க வேண்டும் எல்லாம் சொன்னேன். மேட்டுக்குக் கூட்டிப்போய் நிறுத்திக் காட்டினேன். முதலில் நான்கு சக்கரத்தையும் சுற்றிப் பார்க்கச் சொன்னேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பிறகு வலது கையை லிவரில் வைத்தபடி கேட்டார்:

"எல்லாஞ் சரிம்மா. மேட்டுல கெளப்பி, இத விடுற நேரம் சோத்துக் கை இங்க வந்துருதே. அந்த நேரம் ஸ்டேரிங்க ஒங்க மாமா எதால புடிச்சாரு?"

எனக்குத் தெரியவில்லை. எத்தனையோ பார்த்தேன், அதைப் பார்க்கவில்லை. அவர் போன பிறகு நானே முயன்றேன். என் இடது கையின் நான்கு விரலையும் மடக்கி, பிள்ளையின் பழைய பால்துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, மேட்டில் ஜீப்பைக் கிளப்பினேன். லிவரை விட்ட கணமே முன்சக்கரம் பாதையின் பள்ளத்தில் இடித்து, ஸ்டியரிங் உள்ளங்கையிலிருந்து வழுக்கிச் சுற்றிவிட்டது. வண்டி வேலிப் பக்கம் திரும்பி நின்றது. மறுபடியும் செய்தேன். மறுபடியும் வேலிதான். நீங்கள் தினமும் அதே பள்ளத்தில், பாரத்தோடு, நேராக ஏறிப் போனீர்கள்.

அத்தையிடம் கேட்டேன். "நான் அவரு கையப் பாக்கலியே புள்ள. நான் ரோட்டப் பாத்தேன்" என்றார். உங்கள் மகனிடம் போனில் கேட்டேன். "அப்பா எப்புடியாச்சும் புடிச்சிப்பாரு" என்றார். பாயும் கவனிக்கவில்லை. பக்கத்தில் யாரும் இல்லாமல் போவதற்காகத்தானே அத்தனையும் செய்தோம். அதனால்தான் யாரும் பார்க்கவில்லை.

அவரைக் கைவிடமாட்டேன். உள்ளங்கை அடங்குகிற மாதிரி ஒரு கிண்ணம் செய்து ஸ்டியரிங் வளையத்தில் பொருத்தலாம் என்று வரைந்து வைத்திருக்கிறேன். பாயிடம் காட்டினேன், முடியும் என்கிறார். மேட்டில் நானே விரலைக் கட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்து, நேராக ஏறினால்தான் அவர் ஓட்டிப் பார்க்க நம் ஜீப் சாவியைக் கொடுப்பேன். நேராக ஏறும், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. லிவரை இழுத்துவிட்டுக் காத்திருப்பதும், காத்திருந்துவிட்டு இறங்கிப்போய்ப் பின்சக்கரத்தைப் பார்ப்பதும் இப்போது என் கூடவே வருகின்றன. முன்பு இந்தப் பயத்தை வெளியில் சொல்ல வெட்கப்படுவேன். இப்போது அதைத் தேடி ஆட்கள் வருகிறார்கள்.

ஆனாலும் நீங்கள் கிண்ணம் எதுவும் இல்லாமல் ஏறினீர்கள். முழங்காலைக் கொடுத்தீர்களா? முழங்கையை வளையத்துக்குள் விட்டுக்கொண்டீர்களா? நெஞ்சைச் சாய்த்து அழுத்தினீர்களா? நான் தினமும் நின்றதா என்று மட்டும் கேட்டேன். எப்படிக் கிளம்பினீர்கள் என்று ஒருநாளும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவர் வந்துவிடுவார். அதற்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள், மாமா.